‘டங்’ என்றால் கிரவுன் போச்சு என்று அர்த்தமில்லை: நாலு லட்சத்தைத் தொடும் ஒரு பிக்கப்பின் பின்பாதி

கேள்வி சுருக்கமாக இது: 2012 மாடல் பொலிரோ பிக்கப், ஓடியது 3,80,000 கி.மீ. தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றி, திம்பம் மலைப்பாதை இறங்கி, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டி. கியர் போட்டு கிளட்ச்சை விட்டதும் பின்னால் ‘டங்’ என்று ஒரு அடி. ஐம்பது வேகத்தைத் தாண்டினால் ஒரு கூவல். லோடோடு கிளம்பும்போது வண்டியே உதறுகிறது. இடது பின்சக்கர பிரேக் டிரம்மில் எண்ணெய் ஈரம். பட்டறையில் பார்த்துவிட்டு, “கிரவுனும் போச்சு, கிளட்ச்சும் போச்சு, ரெண்டையும் செட்டாக மாத்திடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா?

தம்பி, முதலில் ஒன்று. கிரவுன் என்பது பின்சக்கரங்களுக்கு நடுவில், ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம். அதைத் திறப்பது கடைசி வேலை. நீங்கள் சொன்ன நாலு குறையும் நாலு வெவ்வேறு இடத்திலிருந்து வரலாம். அதில் மூன்றுக்கு ஆகும் சாமான், கிரவுன் செட்டோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. வண்டிக்குக் கீழே ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஏன் கிரவுனைத் தொடாதே என்கிறேன் என்றால், கிரவுனும் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகவே வாழ்ந்து தேய்பவை. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி, ஒரே நம்பர் அடித்து அனுப்புகிறார்கள். நாலு லட்சம் கிலோமீட்டரில் ஒன்றின் பல் மற்றதன் பல்லுக்கு ஏற்ற மாதிரி பாலிஷ் ஆகியிருக்கும். இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தாலும் அந்த ஜோடி இன்னும் ஓடும். பல்லின் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கெட்டிப்படுத்தப்பட்டது. அந்தத் தோல் உரிந்து குழி விழாதவரை பயமில்லை. பல்லைக் கொல்வது கிலோமீட்டர் கிடையாது. எண்ணெய் வடிந்து காய்வது, தண்ணீர் புகுவது, பேரிங் ஆடிப் பல்லும் பல்லும் சேரும் இடம் மாறிப்போவது, இந்த மூன்றும்தான் கொல்லும். மூன்றையும் தடுப்பது ஆயில் சீல், காற்று வழியான ப்ரீதர், பேரிங், ஷாஃப்டின் மூட்டான கிராஸ் போன்ற சின்னச் சாமான்கள். பழைய வண்டியில் காசு அங்கேதான் போக வேண்டும்.

சரி, ‘டங்’குக்கு வருவோம். இந்தச் சத்தம் ஒரு ஆள் செய்யும் வேலையாக இருப்பது அபூர்வம். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரி), கியர் பாக்ஸ் பற்கள், அங்கிருந்து கிரவுனுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டில் இரண்டோ மூன்றோ கிராஸ், நீளும் ஸ்பிளைன், கிரவுன்-பினியன், உள்ளே ஸ்டார் பினியன் (திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரம்), அப்புறம் ஆக்சில் ஸ்பிளைன் என்று ஒவ்வொன்றும் நூலளவு பிளே, அதாவது ஆட்டம், வைத்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாயும்போதுதான் அந்த அடி கேட்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆக்சிலில் ஒரு டிகிரி ஆட்டம் என்றால், கிரவுன் விகிதம் 4.1 இருக்கும் வண்டியில் (ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), அதே ஆட்டம் ஜாயின்ட் ஷாஃப்டில் நாலு டிகிரியாகத் தெரியும். ஷாஃப்டைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்து, “அடேங்கப்பா, கிரவுன் இவ்வளவு ஆடுதே” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பெருக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, ‘டங்’ இரும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. என்ஜின் மவுன்ட் ரப்பரும் கியர் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் மவுன்ட்டும் உட்கார்ந்துவிட்டால் கிளட்ச் விடும்போது என்ஜினே தூக்கிப் போடும். பின்னால் பட்டையை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளை) பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும், பட்டையின் சென்டர் போல்ட் அறுந்தாலும், கிரவுனும் ஆக்சிலும் இருக்கும் கூடான ஹவுசிங் முன்னும் பின்னும் நகர்ந்து அடிக்கும். இதைப் பார்க்க எதையும் கழற்ற வேண்டாம். ஒருவரை வண்டியில் உட்கார வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிக் கிளட்ச்சை லேசாகத் தொட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. என்ஜின் குதிக்கிறதா, பட்டைமேல் ஹவுசிங் நழுவுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். யூ போல்ட் நட்டுக்குப் பக்கத்தில் துரு பளபளவென்று தேய்ந்து கிடந்தால் அது நகர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கீழே படுங்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். கியரில் நிறுத்தினாலும் பிடிப்பது பின்சக்கரத்தையே, அதுவும் ஜாயின்ட் ஷாஃப்ட் வழியாக. ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் கியர் வண்டியை நிறுத்தாது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் பயன்படாது. ஆகவே சமதரை, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஜாக்கிக்கு மேல் ஸ்டாண்டு. செங்கல்லை அடுக்கி வைத்து உள்ளே நுழைபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செங்கல் உடைவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்காது.

வண்டி தரையில் நிற்கட்டும், நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். பினியன் ஃப்ளேஞ்சின் (ஷாஃப்ட் வந்து மாட்டும் வட்டத் தட்டின்) விளிம்பிலும் அதற்கு எதிரே ஹவுசிங்கிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஷாஃப்டை இரண்டு பக்கமும் திருகி, கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிரவுனிலிருந்து ஆக்சில் வரைக்குமான மொத்த பிளே இது. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளேஞ்சில் ஐந்து மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஆறு டிகிரி. இந்த எண் நல்லதா கெட்டதா என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேதியும் கிலோமீட்டரும் போட்டு டைரியில் எழுதி வையுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். அதே அளவு என்றால் அந்தக் கிரவுன் உங்களோடு இன்னும் பல வருஷம் இருக்கும். கூடிக்கொண்டே போனால் உள்ளே ஏதோ பேரிங் விடுகிறது. எவ்வளவு ஆடுகிறது என்பதை விட, எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் கூடுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அதே இடத்தில் ஃப்ளேஞ்சை மேலும் கீழும், பக்கவாட்டிலும் தூக்கிப் பாருங்கள். சுழற்சியில் ஆட்டம் இருக்கலாம். மேல்-கீழாக இம்மிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது, உடனே கவனிக்க வேண்டும்.

இனி கிராஸ். கிராஸின் ஒரு பக்க யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் கவையை) ஒரு கையிலும் மறுபக்க யோக்கை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டியதுதான். கிரவுன் மாதிரி இதில் ‘பரவாயில்லை’ என்ற அளவே கிடையாது. கிராஸின் முனையில் இருக்கும் கப்பின் ஓரத்தில் குங்குமப்பூ நிறத்தில் துருப்பொடி ஒட்டியிருந்தால், உள்ளே கிரீஸ் செத்து ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் போகும்போது சிட்டுக்குருவி கத்துவது மாதிரி ‘கிரீச் கிரீச்’ என்று கேட்டு, வேகம் பிடித்ததும் அடங்கினால் அதுவும் கிராஸ்தான். அந்தச் சத்தம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நிப்பிள் இருக்கும் கிராஸ் என்றால் கிரீஸ் கன்னை வைத்து நாலு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், வராத அந்த ஒன்றுதான் முதலில் போகும். ஷாஃப்டைக் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு அடித்தால் சில நேரம் வழிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2 கனம், ‘இ.பி.’ என்று போட்டது போதும். மழைக்காலத்தில் சேற்று வழியில் ஓடினால், கை நீட்டினால் எட்டும் வேலைதானே, எண்ணெய் மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். நீளும் ஸ்பிளைனில் இருக்கும் நிப்பிளைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது காய்ந்தால் பட்டை அமுங்கும்போது ஷாஃப்ட் நீள முடியாமல் கியர் பாக்ஸின் பின் பேரிங்கைக் குத்தும். பிரேக் அடித்து வண்டி நிற்கும் அந்த நொடியில் ஒரு ‘டக்’ கேட்கிறதா? இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு.

புது கிராஸ் போடும்போது சுத்தியல்தான் எதிரி. கப்பை அடித்து இறக்கினால் உள்ளே நிற்கும் ஊசி ஒன்று சாய்ந்து அடியில் படுத்துக்கொள்ளும். கப்பைப் பூட்டும் சர்க்ளிப் உட்காராது, உட்கார்ந்தாலும் பத்து நாளில் கப் வெடிக்கும். வைஸில் வைத்து, அளவான சாக்கெட்டால் அழுத்தி இறக்குங்கள். போட்ட பிறகு கை விரலால் அசைத்தால் நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டு அசைய வேண்டும்.

கிராஸைப் பற்றி இன்னொரு சங்கதி, இது பட்டறைகளில் அதிகம் கோட்டை விடும் இடம். ஒரு கிராஸ் சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 10 டிகிரி என்றால் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடும், அதே அளவு குறையும். 30 டிகிரியில் இது பதினைந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸை அதே கோணத்தில், யோக்குகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வைத்தால், முதலாவது கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். இரண்டு கிராஸ் இருப்பதன் ரகசியமே இதுதான். ஸ்பிளைனைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் இந்தச் சமன்பாடு போச்சு, வண்டி நடுங்கத் தொடங்கும். கழற்றுவதற்கு முன் ஸ்பிளைனின் இரண்டு பாகத்திலும், ஃப்ளேஞ்சிலும் பெயின்ட்டால் கோடு போட்டு, அதே கோட்டில் மாட்ட வேண்டும். குழாயில் பற்றவைத்திருக்கும் சின்னத் தகட்டுத் துண்டுகள் பேலன்ஸ் வெயிட்; ‘எதுக்கு இது’ என்று யாராவது தட்டி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் நடுக்கமா, சக்கர நடுக்கமா என்று பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 455 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு ஏழெட்டு. அதே நேரத்தில் ஜாயின்ட் ஷாஃப்ட் 1,850-ஐத் தாண்டி, நொடிக்கு முப்பது சுற்றுக்கு மேல் சுற்றும். ஆகவே ஸ்டியரிங்கோ சீட்டோ எண்ணிவிடலாம் போல மெதுவாக ஆடினால் சக்கரம், டயர் பக்கம் பாருங்கள். எண்ணவே முடியாமல் தரைத்தகடு ‘ர்ர்ர்’ என்று அதிர்ந்தால் ஷாஃப்ட். ஓடும் வேகத்தை மாற்றாமல் டாப் கியரிலிருந்து ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். என்ஜின் சுற்று கூடியும் அதிர்வு அப்படியே இருந்தால், கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான் குறை.

இப்போது லோடோடு கிளம்பும்போது வரும் உதறல். இதைக் கேட்டதும் எல்லோரும் கிளட்ச் என்பார்கள். ஆனால் நீளமான பாடி வண்டிகளில் ஜாயின்ட் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வந்து, நடுவில் சென்டர் பேரிங் ஒன்று ரப்பரில் தொங்கும். ரப்பர் கிழிந்திருந்தால், பாரத்தோடு கிளம்பும்போது ஷாஃப்டின் நடுப்பகுதி எம்பி எம்பிக் குதிக்கும். வண்டி உருண்டதும் அடங்கிவிடும். வெளியிலிருந்து உணர்ந்தால் அச்சு அசலாகக் கிளட்ச் உதறல்தான். சென்டர் பேரிங்கைக் கையால் தூக்கிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து தொங்கினாலோ, கியர் பாக்ஸிலிருந்து சொட்டிய எண்ணெயில் ஊறி உப்பியிருந்தாலோ அதை மாற்றி ஓட்டிவிட்டு அப்புறம் கிளட்ச்சைப் பற்றி யோசிக்கலாம். கியர் பாக்ஸை இறக்காமலே முடிகிற வேலை. கிளட்ச்சை இறக்கி எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் அதே உதறல் இருந்து, கடைசியில் இந்த ரப்பரில் வந்து நின்ற வண்டிகள் என் கையிலேயே இரண்டு மூன்று போயிருக்கின்றன.

கிளட்ச்சே தேய்ந்ததா என்று தனியாகச் சோதிக்கலாம். ஏற்றத்தில் லோடோடு மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சுற்று ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் நழுவுகிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசியில் ஏறி வருகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, கருகிய வாசனை தானாகச் சொல்லும். பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்து விட்டதும் நின்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்ததும் நிசப்தம் என்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கியர் பாக்ஸை ஒருமுறை இறக்கிவிட்டால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், நாலையும் மாற்றிவிடுங்கள். கூலிதான் பெரிது. கிரான்க்கின் பின் ஆயில் சீல் லேசாக வியர்த்திருந்தாலும் அதையும் சேர்த்து. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் லேத்தில் ஒரு முகம் பிடித்துவிட வேண்டும். அந்தத் திட்டு கெட்டித்துப்போன இரும்பு, அதன்மேல் புது பிளேட் போட்டால் மறுபடி உதறும். வெடிப்பு ஆழமாக இருந்தால் லேத்துக்கு அனுப்பாமல் ஃப்ளைவீலையே மாற்றுங்கள்.

இனி எண்ணெய் ஈரம். டிரம்மில் ஈரம் என்றதும் சீலை வாங்க ஓட வேண்டாம். ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன மூடியோ குழாயோ இருக்கும், அதுதான் ப்ரீதர். மலை ஏறும்போது கிரவுன் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியே போக வழி இந்த ஒன்றுதான். சேறு அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும். சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். இறக்கத்தில் குளிர்ந்ததும் அதே வழியாகக் காற்றையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். அடைத்த ப்ரீதரோடு எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். செலவே இல்லாத வேலை, ஆனால் எழுதிவைத்துச் செய்யும் பட்டறை நான் பார்த்ததில்லை. எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கசிவு வரும்.

எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கை மட்டும் மன்னிக்காதீர்கள். துடைத்து, பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி போடுபவர்கள் இருக்கிறார்கள். திம்பம் இறங்கும் வண்டியில் அது வேண்டாம். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் பிடிக்கிற பக்கத்துக்கே வண்டி இழுத்துக்கொண்டு போகும். லைனிங் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சீல் மாற்றும்போது ஆக்சிலில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ உட்கார வைத்து, தேயாத இடத்தில் உதட்டைப் படவைக்க முடிந்தால் அது போதும். கூடவே அந்தப் பக்க வீல் பேரிங்கையும் பாருங்கள்; பேரிங் ஆடினால் ஆக்சில் ஆடும், ஆக்சில் ஆடினால் எந்த சீலும் தாங்காது.

கியர் ஆயில் மாற்றும்போது முதலில் மேல் பிளக்கைத் திறங்கள், அதற்கப்புறம் கீழ் பிளக். பழைய வண்டியில் மேல் பிளக் துருப்பிடித்து மாட்டிக்கொள்வது சகஜம். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். காந்தம் வைத்த பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி பசை இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை. விரலில் குத்துகிற சில்லு, செதில், பல்லின் மூலை என்று வந்தால் உள்ளே திறந்து பார்த்தே ஆக வேண்டும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர்.

கிரவுனுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். வண்டியின் புத்தகம் ஒரே எண்ணெய் சொன்னால் சரி, இல்லாவிட்டால் கூடாது. பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்த ஹைப்பாய்ட் பல் உருள்வதோடு சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்.5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதிகம். அதே மருந்து கியர் பாக்ஸில் கியர் கடிக்காமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும்; அங்கே ஜி.எல்.4 கேட்பது அதனால்தான். இரண்டாவது மூன்றாவது கியர் விழும்போது ‘கரக்’ என்று கடிக்கிற வண்டிகளில் சிலவற்றுக்கு வினையே இந்தத் தவறான எண்ணெய். சத்தத்தை அமுக்க 140 கனம் என்ற கெட்டியான எண்ணெய் ஊற்றும் பழக்கமும் உண்டு. சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது.

கூவலைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. சத்தம் தொடங்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், விடுங்கள், அப்புறம் இழுக்கவும் விடவும் இல்லாமல் மிதக்க விடுங்கள். அழுத்தும்போது மட்டும் கூவி, விட்டதும் அடங்கினால் கிரவுன் பல்லின் இழுக்கும் முகம். எப்போதும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் வீல் பேரிங்; பாரம் எந்தச் சக்கரத்தின்மேல் சாயும்போது சத்தம் கூடுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம். நேர் ரோட்டில் ஒன்றுமில்லை, திரும்பும்போது மட்டும் ‘கட கட’ என்றால் உள்ளே ஸ்டார் பினியன். டயரில் பட்டன் தேய்ந்து ரம்பம் மாதிரி ஆகியிருந்தாலும் இதே கூவல் வரும். சந்தேகமாக இருந்தால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். சத்தம் முன்னால் போய்விட்டால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.

பினியன் சீல் கசிந்தால் ஒரு விஷயத்தில் கவனம். சீலை மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அந்த நட்டு உள்ளே இருக்கும் நசுங்கும் ஸ்பேசரை அழுத்தித்தான் இரண்டு பேரிங்குக்கும் தேவையான இறுக்கத்தைக் கொடுக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், சீல் மாற்றிவிட்டு, நட்டு தளரக் கூடாதே என்று நாலடிக் குழாய் மாட்டி முறுக்கினேன். கசிவு நின்றது. இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது, பேரிங் நீலமாகக் கருகி. அந்தச் செலவில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது. ஸ்பேசர் ஒருமுறை அதிகமாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்தி சரிக்கட்ட முடியாது, புதுசு போட வேண்டும். கழற்றும் முன் நட்டு, பினியன் முனை, ஃப்ளேஞ்ச் மூன்றிலும் சேர்த்துக் கோடு போட்டு, வெளியே தெரியும் மரையை எண்ணி, ஃப்ளேஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து எத்தனை கிலோவில் சுற்றுகிறது என்று குறித்து வையுங்கள். இந்த அளவை எடுக்கும்போது பின்சக்கரம் இரண்டும் தூக்கியிருக்க வேண்டும், டிரம்மும் கழன்றிருக்க வேண்டும். சீல் மாற்றிய பிறகு அதே அளவுக்கு வரும்வரை சிறிது சிறிதாக இறுக்குங்கள். நசுங்கும் ஸ்பேசருக்குப் பதில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அமைத்த வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. புத்தகம் சொல்லும் டார்க்கில் இறுக்கினால் போதும்.

எல்லாம் பார்த்தும் கிரவுன்தான் என்று முடிவானால், திறந்ததும் பல்லில் நீல மை தடவிச் சுற்றவைத்து, பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் இருந்து, குழி ஏதும் இல்லாமல் இருந்தால் பல் நல்லது. பேரிங் மட்டும் மாற்றி, பழைய ஜோடியை பழைய இடைவெளியிலேயே திரும்ப உட்கார வைக்கலாம். புதுக் கிரவுனுக்குச் சொல்லும் இடைவெளிக்குப் பழைய பல்லை நெருக்கிக் கட்டினால் தேய்ந்த இடமும் தேயாத இடமும் மோதி, அதுவரை இல்லாத கூவல் புதிதாகக் கிளம்பும். மை தடவத் தெரியாத கைக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். அதைவிடச் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டிச் சாமான் விற்கும் இடத்தில் நல்ல ஹவுசிங்கை முழுசாக வாங்கி மாட்டுவது மேல். வாங்கும் முன் பல்லை எண்ணி விகிதம் ஒன்றா என்று பாருங்கள். 37-க்கு 9 என்றால் 4.11. விகிதம் மாறினால் ஏற்றத்தில் இழுவையும் மாறும்.

பழைய வண்டி வழியில் நின்று கட்டி இழுக்க நேர்ந்தால், பின்சக்கரம் தரையில் உருளும்படி தூரமாக இழுக்காதீர்கள். என்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸின் கீழ்த்தண்டு சுற்றாது, எண்ணெயை மேலே வாரி இறைக்காது, மேலே இருக்கும் பேரிங் மட்டும் வறட்டுச் சுழற்சியில் ஓடும். ஜாயின்ட் ஷாஃப்டின் பின் ஃப்ளேஞ்சைக் கழற்றிக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

அதிக பாரத்தைப் பற்றி நான் பேசினால் வியாபாரம் தெரியாதவன் என்பீர்கள். ஆனாலும், பாரம் கூடும்போது பட்டை தட்டையாகிப் பினியனின் கோணம் மாறுகிறது. இரண்டு கிராஸின் கோணமும் சமமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது அங்கே கெடுகிறது. காலியாக வரும்போது இல்லாத அதிர்வு லோடில் மட்டும் வருகிறது என்றால் ஷாஃப்டைக் குறை சொல்லும் முன் பட்டையைப் பாருங்கள்.

வண்டியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டீர்கள். என்ஜின் நன்றாக இருக்கிறது, சேஸிஸில் துரு இல்லை என்றால் வேண்டாம். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கிறீர்கள் அல்லவா, அதற்குப் பிரேக் பிரிக்கிற அன்றைக்கே சீல், வீல் பேரிங் வேலைகளையும் சேர்த்துச் செய்துகொண்டால் கூலி ஒன்றாகப் போகும். இப்போதைக்கு வரிசை இது: மவுன்ட், யூ போல்ட், ப்ரீதர், கிராஸும் சென்டர் பேரிங்கும், அப்புறம் இடது ஆக்சில் சீலும் இரண்டு பக்க லைனிங்கும், கிரவுன் எண்ணெய். எஃப்.சி. தள்ளி இருந்தால் அதுவரை லைனிங் காத்திருக்கக் கூடாது, அது இந்த வாரமே. இவ்வளவும் முடிந்து, டயரையும் மாற்றிப் போட்டு ஓடிப் பார்த்த பிறகு, கூவல் அழுத்தும்போதா விடும்போதா, சாக்பீஸ் கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது, காந்தப் பிளக்கில் என்ன இருந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். கிரவுனைப் பற்றி அப்போது பேசலாம்.